ஆற்றில் கேட்ட கேள்வி

அண்ணன் செத்துப் பத்தாவது மாதம், தான் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாக அம்மா சொன்னாள். பால் வெட்டிவிட்டு வந்து, விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளெல்லாம் இப்படித்தான் ஏதாவது சில்லறை வேலைக்கு நடுவில் வெளியே வரும். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். காதில் விழாததுபோல் துருவிக்கொண்டே இருந்தேன்.

"கேட்டிச்சா?" என்றாள்.

"கேட்டிச்சு."

"நீயும் எடுக்கணும். நாம மூணு பேரும் ஒரு எடத்துல இருக்கணும்."

மூன்றாவது ஆள் அண்ணன். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவரை நாங்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இது யுத்தநிறுத்தக் காலத்தில் நடந்தது. ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், நாங்கள் இருந்தோம். அம்மா பால் வெட்டுகிறவள். நான் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். அண்ணன் அந்தந்த நேரத்தில் கிடைத்த வேலையைச் செய்வான். சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினான், குடியை விட்டான், ஆற்றில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தான். "ஒனக்கு ஒரு முழுக்குப் பத்தாதே, பெரியாத்துல ஊறப் போட்டில்ல எடுத்திருக்கணும்" என்று நான் கேலி செய்வேன். கோபப்பட மாட்டான். குடியோடு கோபமும் போயிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம், சண்டை போட ஆள் இல்லாமல் போய்விட்டது.

மறுநடுகைக்காகப் பழைய ரப்பர் மரங்களை வெட்டும் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு மரம் திசைமாறி விழுந்து அவன் இடுப்பை நசுக்கியது. பக்கத்து மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஓடிப்போனாள். தோட்டத்து லொறி வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அண்ணன் தண்ணீர் கேட்டான். அம்மாவின் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று சுற்றி நின்றவர்கள் சொன்னதால் அவள் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அவன் போய்விட்டான். கொடுத்திருந்தாலும் போயிருப்பான் என்று பிறகு ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். இதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

அடக்கத்தின்போது ஜெபவீட்டுப் பாஸ்டர், இந்தத் தம்பி ஆண்டவரிடம் இருக்கிறார், விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவரை மறுபடியும் பார்ப்பார்கள் என்று சொன்னார். துக்கவீட்டில் நூறு பேர் நூறு ஆறுதல் சொல்வார்கள். அம்மா இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்பாள். தண்ணீர் ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் அந்த வார்த்தை. அதைச் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பத்து மாதத்தில் பாதி ஆளாகிவிட்டாள்.

ஆகவே நான் சரி என்றேன். அம்மா நிம்மதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் யாராவது வந்து தலையில் மண்ணைக் கொட்டிக்கொண்டால் உன் அம்மா சாப்பிடுவாள் என்று சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பேன்.

உயிர்த்த ஞாயிறு காலையில் ஆற்றில் ஞானஸ்நானம் என்று முடிவானது. எங்களோடு சேர்த்து ஏழு பேர். அதில் அம்மாவோடு நான்கு பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள், வாய் கொஞ்சம் நீளம், ஆகவே அந்த நால்வருக்கும் வேதத்தை வாசித்துக் காட்டி, கேட்கப்போகும் கேள்விகளுக்குத் தயார்படுத்தும் வேலையைப் பாஸ்டர் என் தலையில் கட்டினார்.

அங்கேதான் எனக்கு வில்லங்கம் வந்தது. அதுவரை நான் வேதத்தைச் சரியாக வாசித்ததே இல்லை. இப்போது கடை விட்டு வந்ததும் ஒவ்வொரு நாளும் உரக்க வாசித்தேன். பிடிபடுவதற்கு முந்தின நேரம் இயேசு என்கிற அந்த மனிதர் ஒரு தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இது வேண்டாமே, முடிந்தால் இதை எடுத்துவிடேன் என்று கெஞ்சுகிற இடம் வந்தது. வாசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். இவர் கடவுள் என்றால் யாரிடம் கெஞ்சுகிறார்? கடைசி நாள் எப்போது என்று தனக்கே தெரியாது என்கிறார். கூட்டாளி செத்ததற்கு அழுகிறார். சிலுவையில் தொங்கும்போது ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கத்துகிறார். அந்தக் கத்தலை வாசித்த இடத்தில்தான் எனக்கு அவரை உண்மையாகவே பிடித்துப்போனது. பிடித்துப்போன அதே நிமிஷத்தில், இவர் கடவுள் இல்லை என்றும் எனக்கு உறுதியாகிவிட்டது. நல்ல மனிதர். கெஞ்சிக் கேட்டது கிடைக்காமலே செத்த மனிதர். என் அண்ணனைப்போல.

ஆனாலும் அந்தப் பெண்களுக்குச் சரியான பதில்களைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆதியிலிருந்தே தேவன், நமக்காக மனிதனானார், மரித்து உயிர்த்தார். துணிக்கடையில் நான் விற்கும் எல்லாத் துணியையும் நான் உடுத்துவதில்லையே, அப்படித்தான் இதையும் எடுத்துக்கொண்டேன்.

ஞானஸ்நானத்துக்கு வெள்ளைத் துணி எங்கள் கடையில்தான் வெட்டினேன். முதலாளி தொழுகை தவறாத முஸ்லிம், என்னை மகள்போல நடத்தியவர். இயேசுவை அவர் ஈஸா நபி என்பார். அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஈஸா நபியை நாங்க மறுக்கல்ல புள்ள. அவர நம்பாட்டி எங்கட ஈமானே முழுசாகாது. ஆனா அவர் பசிச்சா சாப்பிட்டார், களைச்சா படுத்தார். அல்லாஹ்வுக்குப் பசிக்குமா? அவர் மலைக்கிப் போய்த் தொழுதார் எண்டு ஒங்கட கிதாபுலயே இரிக்கி. ஆரத் தொழுதார்? அவரையேவா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மனசுக்குள் இருந்த கேள்வியை இன்னொருவர் வாயால் கேட்டால் ஏன் அப்படிக் கோபம் வருகிறது என்று தெரியவில்லை. "அதெல்லாம் பாஸ்டர்ட கேளுங்க முதலாளி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தேன். அவர் சிரித்துக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைத்தார்.

லயத்தில் வேறு விதமான சண்டை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். அவருக்கு இந்த முழுக்கு விஷயம் வேப்பங்காயாகக் கசந்தது.

"அண்ணி, வருசம் திரும்பப் போவுது. எளந்தாரியா அடிபட்டுச் செத்தவனுக்கு ஒரு படையல் போடலைன்னா அவன் தாகத்தோட அலைய மாட்டானா? இந்த ஜெபக்காரங்க பேச்சக் கேட்டுக்கிட்டு அதையும் விட்டுட்டீங்களே" என்றார்.

அகாலத்தில் செத்தவர்களுக்கு வருஷம் திரும்புவதற்குள் இலை போட்டுப் பிடித்ததைப் படைப்பது எங்கள் லயத்து வழக்கம். அப்படிப் படையல் வாங்கியவர்களில் சிலர் நாளடைவில் சாமியாகியும் விடுவார்கள். பலா மரத்தடியில் நிற்கும் காவக்காரசாமி அப்படி ஆனவர்தான். வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் ரப்பர் ஸ்டோருக்குக் காவல் நின்றவராம். திருட வந்தவர்கள் வெட்டிப் போட்டுவிட்டார்களாம். இப்போது வெள்ளிக்கு வெள்ளி சித்தப்பாவே அவருக்குச் சுருட்டு பற்றவைத்து வைப்பார்.

ஜெபவீட்டில் படையல் கூடவே கூடாது. விக்கிரகத்துக்குப் படைத்ததற்குச் சமம் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் குறுக்கே விழுந்தேன்.

"சித்தப்பா, இயேசுவும் சாமிதானே. அவரு பாத்துக்குவாரு."

"சாமின்னா அடிக்கணும்டி, அடி வாங்கக் கூடாது. ஆணியில தொங்கிச் செத்தவரு எப்படிச் சாமி? அது தொரைமாரு கொண்டாந்தது."

"அப்ப காவக்காரசாமி? அவரு வெட்டுப்பட்டுச் சாகலியா?"

"அது வேற" என்றார் சித்தப்பா. எப்படி வேறு என்று சொல்லாமலே எழுந்து போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நான் வாய்ச் சவடாலுக்குச் சொன்னதை அவள் மெய்யாக எடுத்துக்கொண்டு யோசிக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாமல் போய்விட்டது.

வெளியே நிலைமை வேறு சரியில்லை. சபரகமுவ மாகாணம் முழுக்க அந்த நாட்களில் ஜெபவீடுகள்மேல் ஆத்திரம் மூண்டிருந்தது. அரிசியும் காசும் கொடுத்து ஏழைகளை மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு. எங்கள் ஜெபவீட்டுத் தகரக் கூரையில் இரண்டு தடவை கல் விழுந்தது. இரண்டாவது தடவை ஒரு பிள்ளையின் மண்டை உடைந்தது. ஆற்றில் யாரையாவது முக்கினால் நாங்கள் வந்து பார்ப்போம் என்று கீழே சிங்களக் கிராமத்திலிருந்து பாஸ்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பாஸ்டர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். இன்னொரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பயந்தவர் இல்லை, ஆனால் பொறுப்பு தெரிந்தவர். எங்கள் ஏழு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "என்னத்த செய்யிறோம்னு தெரியாதவங்களத் தண்ணியில முக்குறான்னு என்மேல பழி இருக்கு. அதுனால ஒவ்வொருத்தரா சத்தமாக் கேப்பேன். ஒவ்வொருத்தரும் சத்தமாப் பதில் சொல்லணும். மனசுல இல்லாதத ஒருத்தரும் சொல்லாதீங்க. சொல்ல முடியாதவங்க இப்பவே வெலகிக்கலாம், நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

ஒருவரும் விலகவில்லை. நான் விலகியிருக்க வேண்டியவள். அம்மாவின் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெரிய வெள்ளி அன்று தலைவலி என்று அம்மா ஆராதனைக்கு வரவில்லை. நான் மட்டும் போனேன். மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது காம்பராக் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தேன். தரையில் இரண்டு வாழையிலை விரித்திருந்தது. ஒன்றில் சோறும் கருவாட்டுக் குழம்பும். அது அண்ணனுக்குப் பிடித்தது. மற்றதில் ரொட்டியும் பொரித்த மீனும். அந்த இலைக்குப் பக்கத்தில் சீவி வைத்த செவ்விளநீர் ஒன்று. அம்மா இலைகளுக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"கத்தாத. கதவச் சாத்து."

சாத்தினேன். இரண்டாவது இலை யாருக்கு என்று கேட்காமலே எனக்கு விளங்கிவிட்டது. உயிர்த்து வந்தவர் மீன் கேட்டுத் தின்றார் என்று அவளுக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான்.

"அவருக்கும் வயசு முப்பத்திச் சொச்சந்தானே" என்றாள் அம்மா மெதுவாக. "கண்ணாலங் காச்சி ஒண்ணும் பாக்கல. தண்ணி தவிக்குதுன்னு கேட்டவருக்குப் பாவிப் பயலுக காடியக் குடுத்திருக்கானுங்க. அன்னையிலேருந்து ஒருத்தராச்சும் அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணி வச்சாங்களா? பாட்டுதான் படிக்கிறீங்க."

பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் யாராவது இதைப் பார்த்தால் முழுக்கு அவ்வளவுதான். "அவரு காவக்காரசாமி மாதிரி இல்லம்மா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "செத்ததால சாமி ஆகல. ஒலகத்தப் படைக்க முந்தியே அவரு சாமி. எத்தன நாளா சொல்லிக் குடுத்தேன்?"

"நீதானே சித்தப்பாகிட்ட சொன்ன?"

"அது அவரு வாய அடைக்கச் சொன்னது!"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்லேருந்தே சாமின்னா ஆணி அடிக்கையில வலிச்சிருக்காது. சும்மா வலிக்கிற மாதிரி நடிச்சிருப்பாரு. வலி தெரியாத ஆளுக்கு எம்புள்ள பட்ட வலி எப்படித் தெரியும்? நம்மள மாதிரி மனுசனா இருந்து, அடிபட்டு, தண்ணி கெடைக்காமச் செத்து, அப்பறம் சாமி ஆனதாலதான் அவருகிட்டப் போறேன். இல்லன்னா எனக்கு எதுக்கு?"

அவள் அவரைச் சாமி என்றாள், நான் அவரை மனிதர் என்றேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றோம். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை, என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். கடை விட்டு வரும் வழியில் ஜெபவீட்டுக்குப் போய், இப்படிக் கேட்பவளுக்கு என்ன பதில் சொல்வது என்று பாஸ்டரிடம் கேட்டேன். காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. அம்மாவின் வாயை அடைக்க எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. கெட்டிக்காரத்தனமான கேள்வி கொண்டுவந்திருக்கிறேன் என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன. இலையைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

பாஸ்டர் கையிலிருந்த வேதத்தை மூடி வைத்தார். "பாவம் அந்தம்மா" என்றார். பிறகு, அவருக்கு வலித்தது மெய்தான், தேவனாக இருந்தும் வலியை விட்டு விலகாமல் இருந்தார், அதுதான் அன்பு என்று சொல்லச் சொன்னார். நல்ல பதில்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"வெலகலாம்னு இருந்துச்சில்ல அவருக்கு" என்றாள் அம்மா. "எம்புள்ளைக்கு இல்லையே."

அதற்குமேல் நான் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். "அம்மா, நாளைக்கி அவரு என்ன கேட்டாலும் விசுவாசிக்கிறேன்னு ஒரு சொல்லு சொல்லிரு. வேற ஒண்ணும் பேசாத. முங்கி எந்திரிச்சு வந்துரு. அண்ணனப் பாக்கணுமா வேணாமா?" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்தச் சொல்லை மூன்று தடவை சொல்லவும் செய்தாள்.

ஞாயிறு விடிந்ததும் ஆற்றுக்குப் போனோம். மழை பெய்து தண்ணீர் கலங்கி ஓடியது. எதிர்க்கரையில் பத்துப் பதினைந்து ஆட்கள் சொல்லிவைத்ததுபோல் வந்து நின்றார்கள். இந்தக் கரையிலும் நாலு பேர், அதில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர்போலச் சுத்தமாக உடுத்தியிருந்தார். யாரும் கூச்சல் போடவில்லை. கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல் விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று நான் கண்ணால் அளந்துகொண்டேன். பாட்டை வேண்டாமென்று பாஸ்டர் சொல்லிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

முதல் மூன்று பேர் முடிந்து நான் நான்காவது. துணி மிதக்காமல் இருக்க வெள்ளை அங்கியின் கீழ்விளிம்பைக் கயிற்றால் கட்டியிருந்ததால் தத்தித் தத்தித்தான் இறங்கினேன். கரையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி பாஸ்டர் கேட்டார். "இயேசு கிறிஸ்துவை தேவகுமாரன் என்றும், உன் தேவன் என்றும் விசுவாசிக்கிறாயா?"

"விசுவாசிக்கிறேன்" என்றேன். குரல் கணீரென்று வந்தது. துணிக்கடையில் சாயம் போகாது என்று சொல்லிப் பழகிய குரல்.

தண்ணீர் என் தலைக்குமேல் மூடியது, பிறகு வெளிச்சம் வந்தது. பாஸ்டரின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை.

அடுத்தது அம்மா. நான் தண்ணீரிலேயே ஓரமாக நின்றுகொண்டேன், அவள் வழுக்கினால் பிடிக்கலாம் என்று. அவளுக்கும் அதே கேள்வி வந்தது. "விசுவாசிக்கிறேங்கய்யா" என்றாள் அம்மா. எனக்கு மூச்சு வந்தது. பாஸ்டர் அவள் பிடரியில் கையை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"அம்மா, இன்னொண்ணு கேக்கணும். கேக்காம விட்டா நான் ஒங்களையும் ஏமாத்துறேன், ஆண்டவரையும் ஏமாத்துறேன்." என்றார். "அவரு மனுசனா இருந்து, செத்ததால சாமி ஆனாருன்னு நெனைக்கிறீங்களா? இல்ல, எப்பவுமே தேவன்தான்னு விசுவாசிக்கிறீங்களா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். சொல்லிரு, சொல்லிரு என்று கண்ணால் கெஞ்சினேன். நான்தான் போய்ச் சொன்னேன் என்பது அந்தப் பார்வையிலேயே அவளுக்கு விளங்கியிருக்கும். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"அய்யா," என்றாள், "அவரு நம்மள மாதிரி மனுசந்தாங்க. சித்திரவதப்பட்டுச் செத்து அப்பறம் சாமியானாரு. எனக்கு அப்படித்தான் தெரியிது. எப்பவுமே சாமின்னு சொல்லச் சொல்லி மக சொல்லிக் குடுத்துச்சு. இங்க பொய்யச் சொல்லி முங்கிட்டு, அங்க போயி எம்மவன் மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?"

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் அவளை அமுக்கி எடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று பல வருஷம் அவரைத் திட்டியிருக்கிறேன். இப்போது அவ்வளவு சுலபமாகத் திட்ட முடியவில்லை. அவர் தன் நம்பிக்கைக்கு உண்மையாக இருந்தார், அம்மா தன்னுடையதற்கு. பொய் சொன்னவள் நான் ஒருத்திதான்.

"அடுத்த தடவ பாப்பம்மா" என்றார் கடைசியில். "நான் வந்து பேசுறேன்."

அம்மா தலையாட்டிவிட்டுக் கரையேறினாள். இடுப்புவரைதான் நனைந்திருந்தாள். சுத்தமாக உடுத்தியிருந்த அந்த ஆள் அவளிடம் வந்தார். மற்றவர்கள் இரண்டு எட்டு முன்னால் வந்தார்கள்.

"சல்லி துன்னாத அம்மே?" என்று கேட்டார். காசு கொடுத்தார்களா என்று.

"நே மஹத்தயா" என்றாள் அம்மா, இல்லை ஐயா என்று. அவளுக்குச் சிங்களம் எங்களைவிட நன்றாக வரும்.

"எஹெனம் மொகடத?" அப்படியானால் எதற்கு இது?

"மகே புதாவ பலன்ன" என்றாள். என் மகனைப் பார்ப்பதற்கு.

எந்த மகன் என்று அவர் கேட்கவில்லை. போன வருஷம் மரம் விழுந்து செத்தவனைப் பற்றி அந்தக் கிராமத்திலும் எல்லோருக்கும் தெரியும். அவர் தன் ஆட்களைக் கையசைத்துக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். அன்றைக்குக் கல் ஏதும் விழவில்லை.

மிச்சம் இருந்த இரண்டு பேரைப் பாஸ்டர் கூப்பிட்டார். நான் கரையேறினேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவள் என்னை ஒரு கல்லில் உட்காரவைத்துத் துவாயால் தலையை அழுத்தித் துவட்டினாள்.

"அழுவாத. சளி புடிச்சிக்கும்" என்றாள். மறுபடியும் துவட்டினாள். "நீ முங்கிட்டயில்ல. ஒன்னைய உள்ள விடுவாங்க."

நான் குனிந்து அங்கியின் விளிம்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன்.

"அவனப் பாத்தா மொத வேலையா இதைச் சொல்லு. தண்ணி குடுத்தா உசுருக்கு ஆவாதுன்னு சொன்னாங்க, அதுனாலதான் அம்மா குடுக்கலன்னு சொல்லு. கேட்டது காதுல விழாம இல்லன்னு சொல்லு."

"சொல்றேம்மா."

"எங்க, சொல்லு பாப்போம்."

சொன்னேன். எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. அவள் துவட்டுவதை நிறுத்தினாள்.

"போத்தலு என் கையிலதான் இருந்துச்சுன்னு சொல்லணும். அத மறைக்கக் கூடாது. மொதல்லேருந்து சொல்லு."

எங்கேயும் இல்லை என்று நான் நினைக்கிற என் அண்ணனிடம் சொல்ல வேண்டியதை, ஈரம் சொட்டச் சொட்ட, முதலிலிருந்து சொன்னேன்.